கோளாறு இல்லை என்று நான் எழுதிய வண்டி

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் என்னிடம் கேட்டது ஒன்று, நான் எழுதப்போவது வேறு ஒன்று. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மிஸ் ஆகிக் குலுங்குகிற வண்டியை எப்படிப் பார்ப்பது என்று வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். பிளக், காயில், இன்ஜெக்டர், சென்சார் என்கிற அந்த வரிசை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, உங்கள் கைப்பேசியிலும் இருக்கிறது. அதை நான் வேறு எழுதி, என் கோழிக்கிறுக்கலைப் பார்த்து நீங்கள் சிரிக்க வேண்டாம். அந்த வரிசை முழுவதும் எனக்கு மனப்பாடமாக இருந்த காலத்தில்தான் ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். அதைச் சொல்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது. நம் பட்டறை அப்போதும் இதே இடத்தில், நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து வடலூர் போகிற சாலையில்தான் இருந்தது. நான்தான் மேஸ்திரி. 'அவர் காதைக் கொடுத்தால் போதும், இன்ஜினுக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவார்' என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். புகழ் கேட்கக் கேட்க இனிக்கத்தான் செய்யும். எனக்குச் சர்க்கரை வந்ததே அதனால்தான் என்று என் மனைவி சொல்வாள்.

ஒரு டிராவல்ஸ்காரரின் வண்டிகள் எல்லாம் நம்மிடம்தான் வரும். அதில் ஒரு வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் ராஜவேல். சேத்தியாத்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டான், வண்டியை மட்டும் பளபளவென்று வைத்திருப்பான். தினமும் காலை ஐந்தரைக்கு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் சுரங்க அதிகாரியான ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு முதல் ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. டிராவல்ஸில் கான்ட்ராக்ட் டிரைவர். வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மறுநாள் வேலை இல்லை.

மே மாதத்தில் ஒரு நாள், மாலை நாலு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்தான். கையில் டிராவல்ஸ்காரர் கொடுத்தனுப்பிய காகிதம் ஒன்று.

"ண்ணா, காலைல எடுக்கசொல்லோ மொத ஒரு நிமிசம் குலுங்குதுண்ணா. நொண்டிக்கினே போவுது. அப்புறம் தானா சரியாப்பூடுது."

"தினமுமா?"

"தெனமுங்கண்ணா. சாருக்கு ஒரே கோவம்."

"கோல்டு ஸ்டார்ட்ல மிஸ் ஆவுதுங்கற. அக்கினி நட்சத்திரத்துல உனக்கு எங்கப்பா கோல்டு கெடைச்சுது? எனக்கும் கொஞ்சம் குடு."

பட்டறையே சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவனும் சிரித்தான்.

என் முதல் தப்பு அந்தக் கிண்டல். 'கோல்டு' என்கிற இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னதும் எனக்கு மார்கழிப் பனிதான் ஞாபகம் வந்தது. நெய்வேலியில் மே மாதத்தில் யாருக்குக் குளிரும்? ஆனால் இன்ஜினுக்கு அது பொருட்டே இல்லை. ஓடும்போது அதன் உள்சூடு வேறு. ராத்திரி முழுக்க நின்றுவிட்டால், வெளியில் எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும், அது ஆறிப்போன இன்ஜின்தான். 'ஆறின வண்டி' என்று தமிழில் யோசித்திருந்தால் அன்றைக்கு எனக்குப் புத்தி வந்திருக்கும். சோறு ஆறுவதற்குப் பனி பெய்யவா வேண்டும்?

ராஜவேல் காலையிலிருந்து ஓட்டிய வண்டியைச் சுடச்சுடக் கொண்டுவந்திருந்தான். நான் அதை ஸ்டார்ட் செய்தேன். பூ மாதிரி ஓடியது. ஸ்கேனரை மாட்டினேன், ஒன்றும் காட்டவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தன. மந்தாரக்குப்பம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். ஒரு குலுக்கல் கிடையாது.

அவன் கொண்டுவந்த காகிதத்தில் ஒரே ஒரு கேள்வி: வண்டியில் கோளாறு உண்டா? அதற்குக் கீழே 'கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவன் காகிதத்தை வாங்கவில்லை. "ண்ணா, காலைல ஒரு தடவ பாத்துட்டு எழுதுனா தேவலாம்ண்ணா" என்றான்.

"முப்பது வருசமா இதே வேலைதான் பாக்கறேன். எனக்குத் தெரியாதா? போப்பா, பெட்ரோல மாத்திப் போட்டுப் பாரு."

கடைசியாகச் சொன்னேனே, பெட்ரோலை மாற்றிப் போடச் சொல்லி, அதைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போனது. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நாலு நாள் கழித்து அதே வண்டியை வேறொரு டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்தார். ராஜவேல் எங்கே என்று கேட்டேன்.

"அவன அனுப்பிட்டாங்க சார். வண்டில இருந்து பெட்ரோல உருவி வித்துட்டு, வேற எதையோ கலந்து ஊத்தறான், அதான் வண்டி குலுங்குதுன்னு அந்தப் பெரியவரு சொல்லியிருக்காரு. எங்க ஓனரு முதல்ல நம்பல. வண்டியச் செக் பண்ணிட்டு வான்னு இங்க அனுப்பினாரு. கோளாறு இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. வண்டில கோளாறு இல்லன்னா அப்புறம் கோளாறு யாருகிட்ட?"

அதைச் சொல்லிவிட்டு அவரே தயங்கித் தயங்கி அடுத்ததையும் சொன்னார். "ஆனா சார், எனக்கும் காலைல குலுங்குது. பங்க்ல டேங்க் ஃபுல்லா அடிச்சும் குலுங்குது."

அந்தக் காகிதம் எதற்காக வந்தது என்பது ராஜவேலுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவன்மேல் கோபம்கூட வந்தது. தன்னைத் திருடன் என்கிறார்கள் என்பதை, சிரித்துக்கொண்டிருக்கிற பத்துப் பேர் நடுவில் தன் வாயால் எவன் சொல்வான்?

இந்தத் தடவை வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்தச் சொன்னேன். ராத்திரி முழுக்க நிற்கட்டும், காலையில் நானே ஸ்டார்ட் செய்கிறேன் என்றேன். மறுநாள் சரியாக ஒன்பது மணிக்கு வந்து சாவியைத் திருகினேன். குலுங்கவில்லை. இன்னொரு ராத்திரி நிறுத்தினேன். மறுநாளும் ஒன்பது மணி. அதே பூ மாதிரி ஓட்டம்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது என் மனதுக்குள் ஒரு கெட்ட நிம்மதி வந்தது. நான் எழுதியது சரிதான் என்கிற நிம்மதி. இரண்டாவது தடவையும் 'கோளாறு இல்லை' என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

அப்போது ஷெட்டைக் கூட்டி முடித்துவிட்டுத் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்த அஞ்சலை கேட்டாள்: "என்னாங்க மேஸ்திரி, அந்த வெள்ள வண்டிக்கு இன்னும் கால் சரியாவலையா?"

அஞ்சலையை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் சேருவதற்கு முன்பே மகள் வீட்டோடு போய்விட்டாள். நம் பக்கத்துக் காற்றைத்தான் உங்களுக்குத் தெரியுமே, சாயங்காலம் துடைத்த தரையில் காலையில் சுரங்கத் தூசியின்மேல் விரலால் பெயர் எழுதலாம். ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் வரும்போது ஷெட் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது பட்டறை ஓனரின் கண்டிப்பு. ஏழு மணிக்கு அஞ்சலை வருவாள். உள்ளே நிற்கிற வண்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து வெளியே எடுத்து நிறுத்திவிட்டுக் கூட்டி, மெழுகின மாதிரி துடைத்துவிட்டு, மறுபடி ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து விடுவாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். ஒன்பது வருடமாக நடக்கிற வழக்கம். நான் வருவதற்குள் முடிந்துவிடும், ஆனாலும் எனக்குத் தெரிந்ததுதான்.

"என்னா கால்?" என்றேன்.

"காலைல எடுக்கசொல்லோ நொண்டிக்கினே தானங்க வெளிய வருது. பின்னால வெள்ளப் பொகை வேற. பொறவு உள்ள எடுத்து வுடசொல்லோ நல்லாத்தான் இருக்கும்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லயே. நொண்டறதாலதான் வுட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சன். நொண்டாத வண்டி இங்க எதுக்கு வருது?"

இரண்டு ராத்திரி ஆறவைத்த வண்டியை இரண்டு நாளும் அவள் சூடு பண்ணிக் கொடுத்திருக்கிறாள், நான் அந்தச் சூட்டைச் சோதித்துவிட்டுக் காலைச் சோதனை முடிந்தது என்று எண்ணியிருக்கிறேன். பேனாவை மூடி வைத்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கே போய்விட்டேன். பானெட்டைத் திறந்து இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இதை மட்டும் ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னால் கையை வையுங்கள். ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தேன். ராஜவேல் சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்தது. வண்டி கிடுகிடுவென்று ஆடியது. நாலு சிலிண்டரில் மூன்றுதான் வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க என் காது வேண்டியதில்லை, சாலையில் பால் வாங்கிப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சைலன்சரில் வெள்ளை ஆவி. ஒரு நிமிடம்கூட முழுதாக ஆகவில்லை, எல்லாம் அடங்கிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் மூன்று தடவை தவறவிட்டிருந்தேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி ரேடியேட்டரில் பிரஷர் ஏற்றி நிறுத்தினேன். அஞ்சலையிடம் அந்த ஒரு வண்டியை மட்டும் எடுக்காமல் சுற்றிக் கூட்டச் சொன்னேன். காலையில் பிளக்குகளைக் கழற்றினால் மூன்றாவது பிளக் நனைந்திருந்தது. மோந்து பார்த்தேன், ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் வாடை. ஹெட் கேஸ்கெட்டில், கூலன்ட்டைச் சிலிண்டருக்குள் விடாமல் தடுக்கிற அந்தத் தகட்டில், மயிரிழை அளவு ஒரு வழி. ராத்திரி முழுக்க அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் நீர் இறங்கும். காலையில் அந்தச் சிலிண்டர் பற்றாது. சூடேறியதும் இரும்பு விரிந்து அந்த வழி அடைபட்டுப்போகும். கூலன்ட் குறைகிறதா என்று நான் ராஜவேலிடம் கேட்டிருக்க வேண்டும். பட்டறைக்கு வருகிற வண்டி முறையாக இருக்க வேண்டும் என்று அவன் கழுவித் துடைத்து, கூலன்ட்டையும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தான். நானும் பார்த்தேன், நிறைந்திருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

வண்டிக் கதை இத்தோடு முடிந்தது. இனிமேல் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

நம் ஓனர் நல்லவர். உங்களுக்கும் தெரியும். நனைந்த பிளக்கைப் பார்த்ததும் அவர் சந்தோஷப்பட்டார். "கண்டுபிடிச்சிட்டீங்கல்ல, அது போதும். கேஸ்கெட் போயிடுச்சுன்னு ஒரு புது ரிப்போர்ட் எழுதிடுங்க" என்றார்.

"பழைய ரிப்போர்ட்?"

"அது அப்படியே இருக்கட்டும் மேஸ்திரி. அன்னிக்கு நல்லா இருந்துச்சு, இன்னிக்குக் கெட்டுப்போச்சு. வண்டின்னா கெட்டுப்போகாதா? நாமளே தப்பா எழுதினோம்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஒவ்வொரு டிராவல்ஸும் நம்ம பேப்பரத் திருப்பிக்கினு வருவான். பட்டறை பேரு என்னாவறது?"

யோசித்துப் பாருங்கள், அதில் பொய்கூட இல்லை. கேஸ்கெட் போயிருக்கிறது என்பது நிஜம். எழுதினால் எனக்கு மரியாதை, பட்டறைக்கு மரியாதை. ஆனால் அன்றைக்கு வண்டி நன்றாக இருந்தது என்றால் அன்றைக்குக் குலுங்கியது எதனால்? ராஜவேல் கலந்த பெட்ரோலால். புது ரிப்போர்ட் வண்டியைச் சரிசெய்துவிடும், அவன் திருடனாகவே இருந்துவிடுவான்.

அரை மணி நேரம் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். இத்தனை வருடம் சம்பாதித்த பேரை என் கையாலேயே அழிக்க வேண்டுமா என்றும் இருந்தது. 'கோளாறு இல்லை' என்று நான் எழுதிய அந்த இரண்டு சொல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நான் எழுதியிருக்க வேண்டியது 'கோளாறு எனக்குத் தென்படவில்லை' என்று. 'இல்லை' என்பது வண்டியைப் பற்றிய பேச்சு, 'தென்படவில்லை' என்பது என்னைப் பற்றிய பேச்சு. என்னைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் வண்டியைப் பற்றி எழுதிவிட்டேன், அது ஒரு மூன்றாவது ஆள் தலையில் போய் விழுந்திருக்கிறது.

கடைசியில் இப்படி எழுதினேன்: 'இந்த வண்டியில் ஹெட் கேஸ்கெட் கோளாறு உள்ளது. முதல் தடவை சோதனைக்கு வந்தபோதும் இதே கோளாறு இருந்தது. ஆறின வண்டியைப் பார்க்கும்படி டிரைவர் ராஜவேல் கேட்டுக்கொண்டார். நான் பார்க்கவில்லை. கோளாறு இல்லை என்று எழுதியது என் தவறு. குலுங்கியதற்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தம் இல்லை.' கீழே கையெழுத்து. ஓனர் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் என்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் பட்டறை முத்திரையைக் குத்திக் கொடுத்தார், அதை நான் மறக்கமாட்டேன்.

டிராவல்ஸ்காரர் என் எதிரிலேயே அந்தப் பெரியவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் அவர் 'அப்படியா' என்றார். அவ்வளவுதான். ஒரு குடும்பத்தைப் பத்து நாள் தலைகுனிய வைத்ததற்கு அவர் தரப்பிலிருந்து வந்தது அந்த ஒரு சொல். டிராவல்ஸ்காரர் மட்டும் கொஞ்சம் வாடிப்போனார். "அவன நாளைக்கே வரச்சொல்லுங்க மேஸ்திரி, நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறான்" என்றார்.

நான் கூப்பிட்டாலும் அவன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை எடுத்துக்கொண்டு பைக்கிலேயே கிளம்பிவிட்டேன். வழிநெடுக என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீட்டைக் கண்டுபிடித்துப் போனால் வாசலில் அவன் தன் பழைய பைக்கின் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "வாங்கண்ணா" என்றான், உட்காரச் சொல்லவில்லை.

சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "ராஜவேலு, தப்பு எம்மேலதான்பா" என்று காகிதத்தை நீட்டினேன். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவன் தன் கையைப் பார்த்தான். கையெல்லாம் எண்ணெய்.

"குடுங்க, நான் படிக்கறன்" என்று உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வாசலில் நின்றபடி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தாள். 'என் தவறு' என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். ராஜவேல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"இத ஜெராக்ஸ் எடுக்கணும்" என்றாள் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்க அண்ணன்தாங்க அந்த டிராவல்ஸ்ல சொல்லி இவுருக்கு வேல வாங்கிக் குடுத்தாரு. எம்பேரக் கெடுத்துட்டானேன்னு பத்து நாளா எங்க வூட்டுப் பக்கம் வரல. அவரு கையில ஒண்ணு குடுக்கணும்."

"எத்தன வேணாலும் எடுத்துத் தரேம்மா."

"இது நீங்க எழுதினதுங்களா?"

"ஆமாம்மா."

"மொதல்ல இல்லன்னு எழுதினது?"

"அதுவும் நான்தான்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"காலைலதான் குலுங்குதுன்னு இவுரு சொன்னாருல்ல? அப்புறம் ஏங்க சாயங்காலம் பாத்தீங்க?"